விவாகரத்துக்குப் பிறகு வீட்டுக் கடன், வாடகை, பிள்ளைகள் செலவு: வரிக்கழிவை யார் கேட்கலாம், எப்படிக் கேட்பது

விவாகரத்துப் பேச்சில் நகை, வீடு, பிள்ளைகள், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசுகிறார்கள், வரியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வக்கீல் அதை ஆடிட்டர் வேலை என்று விட்டுவிடுவார், ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது தீர்ப்பே கைக்கு வந்திருக்கும், அப்புறம் அவரால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அதனால் இதைப் படிக்கிறவர்களில் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள் இருந்தால், வீடு மாற்றிக் கொடுப்பது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். மற்றவர்கள் வரிசையாகவே வரலாம்.

இந்தியாவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் முறை கிடையாது. கல்யாணம் ஆனபோதும் இரண்டு பான், இரண்டு கணக்கு, பிரிந்த பிறகும் அதேதான். ஆகவே விவாகரத்து ஆனதும் வரி விகிதம் மாறிவிடாது. மாறுவது வேறு: கூட்டாக வாங்கிய வீடு, கூட்டுக் கடன், ஒரே மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று இதுவரை 'நம்முடையது' என்று இருந்தவற்றுக்கு இனி யார் பணம் கட்டினார், யார் பெயரில் இருக்கிறது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கும். வரித்துறை கேட்பது இந்த இரண்டைத்தான். குடும்ப நியாயம், யார் விட்டுக்கொடுத்தார், யார் ஏமாந்தார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள், உங்களுக்கு இந்தக் கழிவுகள் தேவையா என்று. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியே வராது, சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம் வரை. (சொத்து விற்ற லாபம் மாதிரி தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது, அதை மறக்க வேண்டாம்.) உங்கள் சம்பளம் அதற்குள் இருந்தால் வீட்டு வட்டிக்காக முன்னாள் துணையுடன் மல்லுக்கட்டத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். அதற்கு மேல் சம்பளம், கூடவே பெரிய வீட்டுக் கடன், வாடகை, காப்பீடு எல்லாம் இருந்தால் பழைய வரிமுறை லாபமா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஏனென்றால் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டி, ஹெச்ஆர்ஏ (சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படி), 80சி (கடன் அசல், பள்ளிக் கட்டணம், ஆயுள் காப்பீடு மாதிரியானவை), 80டி (மருத்துவக் காப்பீடு) இவை எல்லாம் பழைய வரிமுறையில்தான் உண்டு. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைக்குத்தான் போகும். கோர்ட், வீடு மாறுதல், பிள்ளைகளின் பள்ளி மாற்றம் என்று அலையும் வருஷத்தில் இந்தக் கெடு தவறிப்போவது சகஜம், இப்போதே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பிரிவு எண்கள் பற்றி ஒரு வார்த்தை. நான் சொல்லும் எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் எண்கள், 2025-26 வருமானத்துக்கு அவைதான். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025 வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் மாறியிருக்கின்றன.

கூட்டு வீட்டின் கடன்

இங்கேதான் பெரிய தொகை இருக்கிறது, குழப்பமும் இங்கேதான். வட்டிக்கழிவு கேட்க மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்: பத்திரத்தில் பெயர், கடனில் பெயர், ஈஎம்ஐ கட்டிய பணம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்து கடன் ஒருவர் பெயரில் மட்டும் என்றால் மற்றவருக்குக் கழிவு இல்லை. கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கும் இல்லை, அவர் மாதாமாதம் பணம் கட்டினாலும்கூட. நம் ஊரில் கடன் தகுதி கூடட்டும் என்று மனைவியைக் கடனில் சேர்த்துவிட்டுப் பத்திரத்தைக் கணவன் பெயரில் மட்டும் பதிவு செய்த வீடுகள் எத்தனையோ. அந்தப் பெண்களுக்குக் கடன் பொறுப்பு முழுசாக இருக்கும், வரிக்கழிவு ஒரு ரூபாய் இருக்காது. உங்கள் நிலைமை அதுவானால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைக் கடனிலிருந்து விடுவிப்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள், வரிக்காக இல்லை என்றாலும் சிபில் மதிப்பெண்ணுக்காக.

மூன்றும் இருந்தால் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டி 24(பி)-யில், அசல் தொகை 80சி-யின் 1.5 லட்சத்துக்குள். இந்த வரம்பு ஆளுக்குத் தனித்தனி, வீட்டுக்கு மொத்தமாக இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு வட்டி 3,60,000, பத்திரத்தில் ஆளுக்குப் பாதி. இருவரும் பாதிப் பாதி கட்டும்வரை ஆளுக்கு 1,80,000 கழிவு, முழு வட்டியும் பயன்பட்டுவிடுகிறது. பிரிந்த பிறகு மனைவி கட்டுவதை நிறுத்த, கணவன் மட்டும் முழு ஈஎம்ஐ கட்டுகிறார் என்று வையுங்கள். மனைவிக்குக் கழிவு பூஜ்யம், கட்டவில்லையே. கணவனுக்கு எவ்வளவு கட்டினாலும் 2,00,000-க்கு மேல் போகாது. அதிலும் பத்திரத்தில் பாதிதானே உங்கள் பங்கு என்று கேட்டால் 1,80,000-க்கு மேல் நியாயப்படுத்துவது கஷ்டம், அந்த இருபதாயிரத்துக்காகக் கேள்வியை வரவழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆக ஒருவர் மட்டும் கட்ட ஆரம்பித்தவுடன் வருஷத்துக்கு 1.8 லட்சம் கழிவு யாருக்கும் இல்லாமல் போகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வீடு விற்கும்வரையோ கடன் மாறும்வரையோ இருவரும் அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பங்கைக் கட்டுவது என்று எழுதிக்கொள்ளலாம், வேறு கணக்கு வழக்குகளை ஜீவனாம்சத்தில் சரிக்கட்டலாம். பேச்சே நின்றுபோன இடத்தில் இது நடக்காது, தெரியும். ஆனால் பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது.

வங்கி தரும் வட்டி சர்டிஃபிகேட்டில் பெரும்பாலும் இருவர் பெயரும் போட்டு முழுத் தொகையும் ஒரே வரியில் இருக்கும். அதில் யார் எவ்வளவு கட்டினார் என்று தெரியாது. ஈஎம்ஐ போன கணக்கின் ஸ்டேட்மென்ட்தான் அதற்குச் சாட்சி. இதுவரை கூட்டுக் கணக்கிலிருந்து போயிருந்தால் உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து அந்தக் கூட்டுக் கணக்குக்குப் பணம் மாற்றிய பதிவுகளை இறக்கி வையுங்கள், கணக்கை மூடுவதற்கு முன்னால். மூடிய கணக்கின் பழைய ஸ்டேட்மென்டை வாங்குவது பெரிய அலைச்சல். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஐடிஆர்-2 படிவத்தில் இணை உரிமையாளரின் பான் எண்ணும் பங்கு சதவீதமும் கேட்பார்கள். இருவரும் வேறு வேறு சதவீதம் போட்டால் முரண்பாடு பளிச்சென்று தெரியும், ஆகவே பத்திரத்தில் உள்ள சதவீதத்தை மட்டும் போடுங்கள், அவரிடம் பேசாமலேயே இருவரும் ஒத்துப்போக அது ஒன்றே வழி.

அடுத்து, வீட்டை விட்டு வெளியேறியவர். ஈஎம்ஐ கட்டுகிறார், குடியிருப்பது முன்னாள் துணையும் பிள்ளைகளும். 'நான்தான் அங்கே இல்லையே, கழிவு கிடைக்குமா' என்ற பயம் பலருக்கு உண்டு. 2025 நிதிச் சட்டம் இதைச் சுலபமாக்கிவிட்டது. எந்தக் காரணத்தாலும் உரிமையாளர் குடியிருக்க முடியாத வீட்டையும் சொந்தக் குடியிருப்பாகவே காட்டலாம், இரண்டு வீடு வரை. வேலை வேறு ஊரில் என்ற மாதிரிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வீடு வாடகைக்கு விடப்படாமல் இருந்தால் போதும். கூடவே நீங்கள் வேறு இடத்தில் வாடகைக்கு இருந்தால் ஹெச்ஆர்ஏவும் கேட்கலாம், ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடைக்காது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

ஒருவேளை இருவரும் வெளியேறி வீட்டை வாடகைக்கு விட்டால், வாடகையையும் பங்குப்படி பிரித்து இருவரும் காட்ட வேண்டும், ஒருவர் கணக்கில் மட்டும் வாடகை வந்தாலும் சரி. அதில் 30 சதவீதம் நிலையான கழிவு போக மீதியில் வட்டியைக் கழிக்கலாம். இது மட்டும் புதிய வரிமுறையிலும் உண்டு, ஆனால் புதிய முறையில் வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கோர்ட் தீர்ப்பில் 'இனி கடனைக் கணவர் கட்டுவார்' என்று எழுதியிருந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. மனைவியின் பெயரை நீக்க வங்கிக்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும், மீதி இருப்பவரின் சம்பளம் கடனைத் தாங்குமா என்று அவர்கள் மறுபடி பார்ப்பார்கள். தாங்காது என்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது, இல்லாவிட்டால் வீட்டை விற்பது.

வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றுவது

இந்த இடத்தில் தேதி முக்கியம், வாக்கியம் அதைவிட முக்கியம். கணவன் மனைவியாக இருக்கும்போது ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு இனாமாக எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வரி இல்லை, துணைவர் 'உறவினர்' பட்டியலில் இருக்கிறார். ஆனால் அப்படிக் கொடுத்த வீட்டின் வருமானம் சாதாரணமாகக் கொடுத்தவர் தலையிலேயே விழும், பிரிவு 27-ம் 64-ம் அப்படித்தான் சொல்கின்றன. அதே பிரிவுகளில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின் பேரில் கொடுத்தால் இது பொருந்தாது. அதாவது பத்திரத்தில் 'அன்பின் காரணமாக' என்று வழக்கமான வாசகம் எழுதாமல், இன்ன தேதியிட்ட பிரிவு உடன்பாட்டின்படி இந்தப் பங்கு விடப்படுகிறது என்று எழுத வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் தன்னிடம் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார். விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ, வரைவை வாங்கி வந்து இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. முன்னாள் துணைவர் சட்டத்தின் கண்ணில் உறவினர் இல்லை. அவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வீட்டுப் பங்கை இனாமாக வாங்கினால் அதன் முத்திரைத்தாள் மதிப்பு முழுவதும் உங்கள் வருமானமாகப் பார்க்கப்பட வாய்ப்பு உண்டு, பிரிவு 56(2)-இன் கீழ். உடன்பாட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டு, கோர்ட் அதைப் பதிவு செய்திருந்தால் இது இனாம் இல்லை, உரிமைக்கு ஈடாக வந்தது என்று வாதாட வலு இருக்கும். ஆனால் வாதாடும் நிலைக்கே போகாமல் இருப்பது நல்லது. பரஸ்பர சம்மத மனுவில் முதல் விசாரணைக்கும் இரண்டாவதற்கும் நடுவே பொதுவாகச் சில மாதங்கள் இருக்கும், பத்திரப் பதிவை அதற்குள் முடித்துவிடுங்கள். 'முதலில் தீர்ப்பு வரட்டும், வீட்டை அப்புறம் பார்க்கலாம்' என்று யார் சொன்னாலும், அது வக்கீலாகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள்.

பணம் கொடுத்துப் பங்கை வாங்கினால் அது விற்பனை. கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரி உண்டு. வீட்டின் மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்ட வேண்டும், விற்பவர் முன்னாள் கணவனே ஆனாலும். அந்தப் பங்கை வாங்கப் புதிதாகக் கடன் எடுத்தால் அதன் வட்டிக்கும் கழிவு கேட்கலாம்.

ஒரு விஷயத்தை எல்லோரும் தவறவிடுகிறார்கள். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 வருஷத்துக்குள் அதை மாற்றிக் கொடுத்தால், அதுவரை அசலுக்கு 80சி-யில் வாங்கிய கழிவு எல்லாம் கொடுத்த வருஷத்தில் வருமானமாகத் திரும்பி வரும். நாலு வருஷம் 80,000 வீதம் கழித்திருந்தால் 3,20,000 ஒரே வருஷத்தில் சேர்ந்துவிடும். வட்டிக்கு இந்த விதி இல்லை. ஐந்து வருஷம் முடிய ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி என்றால் காத்திருக்க முடியுமா என்று பாருங்கள்.

வேறொருவருடன் வீட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது

பிரிந்த பிறகு அம்மா அப்பா வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு, தோழியுடன் சேர்ந்து ஃபிளாட் எடுக்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஹெச்ஆர்ஏ கேட்கலாம்.

ஃபிளாட்டைப் பங்கிட்டால் உங்கள் பங்கு வாடகைக்கு மட்டும்தான் விலக்கு. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000, ஹெச்ஆர்ஏ 20,000 வருகிறது, ஃபிளாட் வாடகை 24,000, இருவர் பங்கு என்று வைப்போம். அவர் பங்கு 12,000. அதில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 5,000-ஐக் கழித்தால் 7,000. இந்த 7,000, வாங்கிய ஹெச்ஆர்ஏ 20,000, சென்னைக்கான 50 சதவீதமான 25,000, இந்த மூன்றில் குறைந்ததுதான் விலக்கு. ஆக வருஷத்துக்கு 84,000. முழு 24,000-ஐயும் இருவரும் காட்டினால் வீட்டுக்காரர் ஒருவர் பான் எண்ணில் இரட்டை வாடகை ஏறி நிற்கும், அவருக்கும் நோட்டீஸ், உங்களுக்கும் நோட்டீஸ். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் போடச் சொல்லுங்கள், வாடகையை அவரவர் கணக்கிலிருந்து வீட்டுக்காரருக்கு நேராக அனுப்புங்கள். ஒருவர் மொத்தமாகக் கட்டி மற்றவர் ஜிபேயில் திருப்பித் தருவதும் நடக்கிறது, முடியாது என்று இல்லை, ஆனால் நிரூபிக்கும் பாடு உங்களுடையது. உங்கள் பங்கு வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் வேண்டும்.

பெற்றோர் வீடு என்றால் அப்பா பெயரில் வீடு இருந்தால் அப்பாவுக்கு, அம்மா பெயரில் இருந்தால் அம்மாவுக்கு, மாதாமாதம் வங்கி வழியாக வாடகை. அவர்கள் கணக்கில் அதை வாடகை வருமானமாகக் காட்ட வேண்டும், 30 சதவீதம் கழிவு போகத்தான் வரி, வேறு வருமானம் குறைவாக உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரி வராது. மார்ச்சில் உட்கார்ந்து பன்னிரண்டு ரசீது எழுதும் வேலை வேண்டவே வேண்டாம், பொய்யான வாடகை என்று முடிவானால் அபராதம் ஏய்த்த வரியின் 200 சதவீதம் வரை போகும். ஹெச்ஆர்ஏ இல்லாத வேலை என்றால் வாடகைக்கு 80ஜிஜி கழிவு இருக்கிறது, மாதம் அதிகபட்சம் 5,000.

பிள்ளைகள், காப்பீடு, ஜீவனாம்சம்

பள்ளிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீ பகுதிக்கு 80சி-யில் கழிவு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் வரை. கட்டியவருக்குத்தான் கிடைக்கும். அப்பா மாதாமாதம் பராமரிப்புப் பணம் அனுப்பி, அம்மா அதிலிருந்து பள்ளிக்குக் கட்டினால் கழிவு அம்மாவுக்கு. அப்பாவுக்கு வேண்டுமென்றால் பள்ளிக் கட்டணத்தைப் பராமரிப்பிலிருந்து தனியாகப் பிரித்து, பள்ளிக்கு நேராக அவரே கட்டுவது என்று உடன்பாட்டில் எழுத வேண்டும். யாருக்கு வரி அதிகமோ அவர் கட்டுவது புத்திசாலித்தனம்.

பிள்ளை பெயரில் வைப்புத்தொகை இருந்தால் அந்த வட்டி சாதாரணமாகப் பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவரோடு சேரும். திருமணம் முறிந்தபின் அப்படி இல்லை, அந்த வருஷம் பிள்ளையை யார் பராமரிக்கிறாரோ அவர் வருமானத்தில் சேரும். தாத்தா பாட்டி பேரன் பெயரில் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள், பிள்ளை உங்களிடம் வந்துவிட்டான் என்றால் இனி அந்த வட்டியை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் 80டி உங்களுக்கும் துணைக்கும் உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் உங்கள் பெற்றோருக்கும்தான். முன்னாள் துணைக்குக் கட்டும் பிரீமியத்துக்குக் கழிவு இல்லை, கோர்ட் சொல்லிக் கட்டினாலும் இல்லை. குடும்பத்துக்கே ஒன்றாக எடுத்த ஃபேமிலி ஃபுளோட்டர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரித்துவிடுங்கள், அதுவரை அவர் பங்கைக் கழித்துக் காட்டுங்கள். ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கும் இதே கதை. கையோடு நாமினி பெயரையும் பாருங்கள், பி.எஃப்., காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும்.

ஜீவனாம்சம் கொடுப்பவருக்கு எந்தக் கழிவும் இல்லை, சம்பளத்திலிருந்தே பிடித்தாலும் முழுச் சம்பளத்துக்கும் அவர்தான் வரி கட்ட வேண்டும். வாங்குகிறவருக்கு மாதாமாதம் வந்தால் வருமானம், ஒரே தவணையில் மொத்தமாக வந்தால் மூலதன வரவு, வரி இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று வகுத்த இந்த வேறுபாடுதான் இன்றும் நடைமுறை. மொத்தமாக வாங்கினால் தீர்ப்பு நகலில் அந்தத் தொகை 'நிரந்தர ஜீவனாம்சம்' என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், 'கணக்குத் தீர்ப்பு' என்ற மாதிரி மழுப்பலாக இருக்கக் கூடாது. வங்கியில் பெரிய தொகை ஒன்று வந்து விழுந்தால் வரித்துறையின் பார்வைக்குப் போகும், அன்று நீங்கள் நீட்டப்போவது அந்த நகலைத்தான்.

இதை எல்லாம் வைத்து அலுவலகத்தில் கழிவு விவரங்களைச் சொல்லிக் கொடுக்கும் 12பிபி படிவத்தை இந்த வருஷம் புதிதாக நிரப்புங்கள், போன வருஷத்து விவரத்தை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அலுவலகத்துக்குச் சொந்த விஷயம் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அங்கே எதையும் காட்டாமல் விட்டு, வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நேராகக் கழிவைக் கேட்டுக் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாம், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும்படி பதிந்திருக்கிறீர்கள் என்று மட்டும் வரித்துறை இணையதளத்தில் பாருங்கள், பழைய கூட்டுக் கணக்கு அங்கே இருந்தால் தாக்கல் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முன்னாள் துணைக்கு உங்கள் கடவுச்சொல் தெரிந்திருந்தால் அதையும்.